மறதி நோய்க்கு முதுகில் ஒட்டும் மருந்து: ரிவாஸ்டிக்மின் பேட்ச் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு அல்சைமர் என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. அதில் நான்கு வருடமாக தினமும் காலையில் அவர் முதுகில் ஒரு பேட்ச் ஒட்டுகிறேன். நான் டாக்டர் இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ளும் மகள். எங்கள் டாக்டரிடம் கேட்டும் மருந்தோடு வரும் தாளைப் படித்தும் கற்றுக்கொண்டவை இவை. சிலவற்றை அப்பா பட்ட கஷ்டத்தில் கற்றேன். எந்த மருந்து, எந்த அளவு என்பதை உங்கள் நரம்பியல் டாக்டரோ மனநல டாக்டரோதான் சொல்ல வேண்டும். மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வரும் சந்தேகங்களுக்குத்தான் இந்தப் பக்கம்.

அந்தப் பேட்ச்சில் என்ன மருந்து இருக்கிறது? அது எப்படி வேலை செய்கிறது?

மருந்தின் பெயர் ரிவாஸ்டிக்மின். நோவார்ட்டிஸ் நிறுவனம் எக்ஸெலான் என்ற பெயரில் முதலில் கேப்ஸ்யூலாகவும் பிறகு பேட்ச்சாகவும் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பேட்ச்சுக்கு 2007-இல் அனுமதி கிடைத்தது. இப்போது வேறு நிறுவனங்களும் தயாரிக்கின்றன.

மூளையில் ஒரு நரம்பு செல் அடுத்ததோடு பேச உதவும் பொருள்களில் ஒன்று அசிட்டைல்கோலின். நினைவுக்கும் கவனத்துக்கும் அது முக்கியம். அல்சைமரில் அதைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே வருகின்றன. இருக்கிற கொஞ்சத்தையும் ஒரு நொதி உடைத்துவிடுகிறது. ரிவாஸ்டிக்மின் அந்த நொதியைத் தடுக்கிறது. கிணற்றில் ஊற்று குறைந்துவிட்டது, இருக்கும் தண்ணீராவது வீணாகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று எங்கள் டாக்டர் விளக்கினார். எனக்கு அதுதான் புரிந்தது.

இந்த மருந்தின் மூதாதை மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்த விதையைக் கொடுத்து, பிழைத்தால் நிரபராதி என்று தீர்ப்புச் சொன்ன வழக்கம் அங்கே இருந்தது. அதன் நஞ்சைப் பிரித்தெடுத்து, அதே சாயலில் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் மார்ட்டா வெய்ன்ஸ்டாக் உருவாக்கியதுதான் ரிவாஸ்டிக்மின். இந்தக் கதையைச் சும்மா சொல்லவில்லை. அளவு மீறினால் இது என்ன செய்யும் என்பது அதிலேயே இருக்கிறது. கீழே வருகிறேன்.

ஒட்டினால் மறதி குணமாகிவிடுமா?

குணமாகாது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கிக்கொள்ளாததால் முதல் மூன்று மாதம் தினமும் அப்பாவிடம் "நான் யார் சொல்லுங்க" என்று கேட்டு அவரையும் வதைத்து, நானும் அழுதேன்.

1195 பேரை வைத்து 24 வாரம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 70 மதிப்பெண் கொண்ட நினைவுச் சோதனையில், 9.5 மில்லிகிராம் பேட்ச் ஒட்டியவர்கள் சராசரியாக 0.6 புள்ளி முன்னேறினார்கள். மருந்தில்லாத போலிப் பேட்ச் ஒட்டியவர்கள் 1 புள்ளி பின்தங்கினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். நோய் உள்ளே தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும்.

ஆனால் இது சராசரி. சிலருக்கு ஒன்றுமே தெரியாது, சிலருக்குக் கண்கூடாகத் தெரியும். அப்பா விஷயத்தில் பெயர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்து பேசினால் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார், ஏறக்குறைய ஒன்றரை வருடம். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. பலன் இருக்கிறதா என்று பார்க்க மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். நினைவை மட்டும் பார்க்காமல், குளிப்பது, சாப்பிடுவது, பேச்சில் கலந்துகொள்வது, ராத்திரிக் குழப்பம் இவற்றைக் கவனித்து எழுதி வையுங்கள்.

எல்லா வகை டிமென்ஷியாவுக்கும், அதாவது மறதி நோய்க்கும், இது பொருந்துமா?

இல்லை. அல்சைமருக்கும் பார்க்கின்சன் நோயோடு வரும் டிமென்ஷியாவுக்கும் இது அங்கீகரிக்கப்பட்ட மருந்து. லூவி பாடி டிமென்ஷியாவில், இல்லாத ஆட்களும் பூனைகளும் கண்ணுக்குத் தெரிவதாகச் சொல்பவர்களுக்கு நல்ல பலன் கிடைப்பதால் டாக்டர்கள் அங்கேயும் கொடுக்கிறார்கள். பக்கவாதத்தால் மட்டும் வந்த மறதிக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. குணமும் நடத்தையும் முதலில் மாறும் முன்மூளை டிமென்ஷியாவில் இதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள்.

அதனால்தான் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் ஆரம்பிக்கக் கூடாது. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மன அழுத்தம், எப்போதோ தலையில் பட்ட அடியால் உள்ளே உறைந்த ரத்தம், இவையும் மறதியாக வரும். அவற்றுக்கு வைத்தியம் வேறு. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கொடுத்தார்கள் என்று அதே பேட்ச்சை வாங்கி ஒட்டாதீர்கள்.

மாத்திரை இருக்கும்போது பேட்ச் எதற்கு? விலையும் கூடுதலாக இருக்கிறதே?

விலை கூடுதல்தான். இதே வேலையைச் செய்யும் டோனெபெசில் மாத்திரை ஒத்துக்கொள்பவருக்கு அதையே தொடரலாம், பேட்ச் அதைவிட உயர்ந்த மருந்து என்று எதுவும் இல்லை. ரிவாஸ்டிக்மின் கேப்ஸ்யூலில்தான் சிக்கல். விழுங்கியதும் ரத்தத்தில் சட்டென்று ஏறி இறங்குவதால் குமட்டும். மேலே சொன்ன ஆய்விலேயே கேப்ஸ்யூல் எடுத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குக் குமட்டல், 17 சதவீதம் பேருக்கு வாந்தி. 9.5 பேட்ச்சில் அது சுமார் 7, 6 சதவீதம். பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. தோல் வழியாக 24 மணி நேரமும் மெல்ல இறங்குவதுதான் காரணம்.

இன்னொன்று எந்த ஆய்விலும் சரியாக அடங்காதது. அப்பா மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துத் துப்புவார். விஷம் வைக்கிறோம் என்று சந்தேகப்படுவார். நாளுக்கு இரண்டு முறை அந்தச் சண்டை. பேட்ச் வந்ததும் அது நின்றது. வீட்டில் ஒரு சண்டை குறைவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது பார்த்துக்கொள்பவர்களுக்குத் தெரியும்.

என்னென்ன அளவில் வருகிறது?

நாளுக்கு 4.6, 9.5, 13.3 மில்லிகிராம். பேட்ச்சின் பரப்பு முறையே 5, 10, 15 சதுர சென்டிமீட்டர். 4.6-இல் தொடங்கி, குறைந்தது நான்கு வாரம் ஒத்துக்கொண்டால் 9.5-க்கு ஏற்றுவார்கள். 13.3 எல்லோருக்கும் தேவைப்படாது. உடல் எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் இன்னும் கவனமாக ஏற்ற வேண்டும். நம் வீட்டுப் பாட்டிமார்கள் பலர் அந்த எடைதான். எடையை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பேட்ச்சைப் பாதியாக வெட்டி ஒட்டலாமா?

கூடாது. சிறிய அளவு வேண்டுமென்றால் அந்த அளவிலேயே வாங்குங்கள்.

எங்கே ஒட்டுவது, எப்படி ஒட்டுவது?

மேல் முதுகு, கீழ் முதுகு, மேல் கை, மார்பு. இந்த நான்கு இடம்தான். தொடையிலும் வயிற்றிலும் ஒட்டினால் மருந்து இறங்குவது குறைகிறது. மறதி உள்ளவருக்கு முதுகுதான் வசதி, கை எட்டாது.

முடி குறைவான, புண், சிவப்பு, மடிப்பு இல்லாத இடமாகப் பாருங்கள். பவுடர், எண்ணெய், லோஷன் எதுவும் இருக்கக் கூடாது. அப்பாவுக்குக் குளித்ததும் முதுகு முழுக்க பவுடர் போடும் பழக்கம் இருந்தது. முதல் வாரம் மூன்று பேட்ச் உதிர்ந்து விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று பிறகுதான் புரிந்தது. எங்களுக்கு எழுதிக்கொடுத்த மருத்துவமனையில் யாரும் ஒட்டிக் காட்டவில்லை. நீங்கள் கேளுங்கள், ஒரு தடவை எதிரிலேயே ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

உறையை ஒட்டும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். பின்புறத் தாளில் ஒரு பாதியை உரித்து, அந்தப் பக்கத்தை முதுகில் வைத்து, அப்புறம் மறுபாதியை உரியுங்கள். உள்ளங்கையால் முப்பது வினாடி நன்றாக அழுத்துங்கள். ஓரங்களையும் விரலால் ஒரு சுற்று தேயுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கழுவும் முன் கண்ணைத் தொடாதீர்கள்.

ஒரே இடத்தில் 14 நாளுக்குள் மறுபடி ஒட்டக் கூடாது. இதற்கு நான் தேதி கிழிக்கும் காலண்டரை வைத்துக்கொண்டேன். ஒட்டியதும் அன்றைய தாளில் "வலது மேல்", "இடது கீழ்" என்று எழுதுவேன். தாளைக் கிழித்து எறியாமல் ஒரு கிளிப்பில் சேர்த்து வைப்பேன். பால் கணக்குப் போல இரண்டு வாரக் கணக்கு கையில் இருக்கும்.

குளிக்கலாமா? எண்ணெய்க் குளியல்? வெயில்?

சாதாரணக் குளியலால் ஒன்றும் ஆகாது. எண்ணெய் தேய்த்தால் பசை விட்டுவிடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வழக்கம் இருந்தால், பழைய பேட்ச்சை எடுத்துவிட்டு, எண்ணெய் தேய்த்து, சீயக்காயோ சோப்போ போட்டுச் சுத்தமாகக் குளிப்பாட்டி, உடம்பு நன்றாகக் காய்ந்த பிறகு புதியதை ஒட்டுங்கள். அதனாலேயே பேட்ச் மாற்றும் நேரத்தைக் குளிக்கும் நேரத்தோடு சேர்த்து வைப்பது நல்லது.

சூடு ஆபத்து. தோல் சூடானால் மருந்து வேகமாக உள்ளே போகும். பேட்ச் மேல் வெந்நீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட், நீராவி எதுவும் வேண்டாம். முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நெடுநேரம் உட்காரவும் விடாதீர்கள். சித்திரை, வைகாசியில் வியர்வையால் ஓரம் தூக்கிக்கொள்ளும். நான் குளித்தவுடன் ஒட்டாமல், ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம் உட்காரவைத்து, வியர்வை அடங்கிய பிறகு ஒட்டுகிறேன். விழுந்துவிட்டால் அன்றைய மீதி நேரத்துக்குப் புதிதாக ஒன்று ஒட்டி, மறுநாள் வழக்கமான நேரத்தில் மாற்றிவிட வேண்டும்.

பழைய பேட்ச்சை எடுக்காமல் புதியதை ஒட்டிவிட்டால்?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

இரண்டாவது வருடம் தீபாவளிக்குத் தம்பி வந்திருந்தான். எனக்குக் காய்ச்சல். "அலமாரியில பேட்ச் இருக்கு, அப்பா முதுகுல ஒண்ணு ஒட்டிடு" என்றேன். பழையதை எடு என்று சொல்லவில்லை. எனக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அவனுக்கு அது பிளாஸ்திரி மாதிரி ஒன்று, அவ்வளவுதான். கீழ் முதுகில் ஒட்டினான். மறுநாள் மேல் கையில். நான் முன்பு ஒட்டியது தோள்பட்டைக்குக் கீழே பனியனுக்குள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் காலை அப்பா எழுந்திருக்கவில்லை. வாந்தி, வாயோரம் எச்சில் ஒழுகியது, பனியன் நனைய வியர்வை. நாடி பிடித்துப் பார்த்தால் ரொம்ப மெதுவாக ஓடியது. தீபாவளிப் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அரை மணி நேரத்தை வீணாக்கினேன். பனியனைக் கழற்றியபோதுதான் மூன்று பேட்ச்களையும் பார்த்தேன். ஒரு நாள் தாண்டிய பேட்ச் சத்துத் தீர்ந்த வெறும் துணி இல்லை, அதில் இன்னும் மருந்து இருக்கிறது.

மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து பிழைத்தார். உலகத்தில் இதே தவறால் உயிர் போனவர்களும் உண்டு, மருந்துத் தாளிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது.

நம் ஊர் அவசரப் பிரிவுகளில் பூச்சி மருந்து குடித்து வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். எச்சில், வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாடித் துடிப்புக் குறைவு, சில சமயம் வலிப்பு. அந்தப் பூச்சி மருந்துகள் பல தடுப்பதும் இதே நொதியைத்தான். அதனால் அளவு மீறிய ரிவாஸ்டிக்மினும் அதே குறிகளைக் காட்டும். அப்படி எதைப் பார்த்தாலும் முதலில் துணியை விலக்கி உடம்பு முழுக்கத் தேடுங்கள். இருக்கும் எல்லாப் பேட்ச்சையும் எடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். "ரிவாஸ்டிக்மின் பேட்ச் இத்தனை ஒட்டியிருந்தது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள், உறையையும் கையோடு கொண்டுபோங்கள். அது தெரிந்தால்தான் அவர்கள் சரியான திசையில் யோசிப்பார்கள். எடுத்த பிறகும் மருந்து உடனே அடங்காது. அடுத்த 24 மணி நேரம் புதியது ஒட்டவே கூடாது, அப்புறமும் டாக்டர் சொன்னால்தான்.

இப்போது எங்கள் வீட்டில் வரிசை மாறாது. பழையதைத் தேடி எடுத்து, எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டுதான் புதிய உறையைப் பிரிக்க வேண்டும். பழையது கையில் இல்லையென்றால் புதியது கிடையாது. முதுகு, மார்பு, இரண்டு கை எல்லாம் பார்த்து, படுக்கையையும் பார்த்து, விழுந்துதான் போனது என்று நிச்சயமான பிறகே ஒட்டுவோம். பேட்ச் மேலேயே பேனாவால் தேதி எழுதலாமா என்று கேட்கிறார்கள். நான் எழுதுவதில்லை, காலண்டர் போதும். வீட்டில் யார் ஒட்டினாலும் அந்தத் தாளில் தன் பெயரையும் எழுத வேண்டும். பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்கும் இதே விதி.

அவரே பிய்த்துப் போட்டுவிடுகிறார். என்ன செய்வது?

அப்பாவும் செய்தார். மேல் கையில் ஒட்டியதை உரித்து ராசிபலன் புத்தகத்துக்குள் ஒட்டி வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கைக்கு எட்டும் இடத்தில் ஒட்டாதீர்கள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒட்டி, பனியன் போட்டுவிடுங்கள். ஒட்டும்போது முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே ஒட்டினால் எதிர்ப்பு குறைகிறது. அரிப்பினால் பிய்க்கிறாரா என்றும் பாருங்கள். உரித்த பேட்ச் குழந்தை கையில் கிடைத்தால் ஆபத்து, வீட்டில் பேரக்குழந்தைகள் இருந்தால் தேடிக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்.

ஒரு நாள் ஒட்ட மறந்துவிட்டது. அடுத்த நாள் இரண்டு ஒட்டலாமா?

ஒருபோதும் வேண்டாம். ஞாபகம் வந்ததும் ஒன்று ஒட்டி, அடுத்ததை வழக்கமான நேரத்தில் மாற்றுங்கள். மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே தொடரக் கூடாது. 9.5 ஒட்டிக்கொண்டிருந்தவரானாலும் மறுபடி 4.6-இலிருந்துதான். டாக்டரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். மருந்துக் கடையில் இருப்பு இல்லாமல் ஒரு வாரம் இடைவெளி விழுந்தவர்களுக்கும் இது பொருந்தும். பத்து பேட்ச் மிச்சம் இருக்கும்போதே அடுத்ததுக்குச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

ஒட்டிய இடம் சிவந்துபோகிறது. நிறுத்த வேண்டுமா?

பேட்ச் அளவுக்கு லேசான சிவப்பு, கொஞ்சம் அரிப்பு, ஒன்றிரண்டு நாளில் மறைவது, இது நிறைய பேருக்கு வரும். இடம் மாற்றி ஒட்டினாலே சமாளிக்கலாம். சிவப்பு பேட்ச்சின் எல்லையைத் தாண்டிப் பரவினால், வீங்கினால், கொப்புளம் வந்தால், எடுத்து 48 மணி நேரமாகியும் குறையாவிட்டால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அடுத்ததை ஒட்டாமல் டாக்டரைப் பாருங்கள்.

பசை மிச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஸ்பிரிட்டும் போடாதீர்கள். சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். போகவில்லையென்றால் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, பிறகு கழுவிவிடலாம்.

வேறு என்ன பக்கவிளைவுகள்?

குமட்டல், வாந்தி, பேதி, பசியின்மை. இவற்றைவிட நான் பயப்படுவது எடைக் குறைவுக்கு, அது சத்தமில்லாமல் நடக்கும். மாதம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். தலைசுற்றல், மயக்கம், கீழே விழுவது இருந்தால் நாடியைக் கவனிக்க வேண்டும், இந்த மருந்து இதயத் துடிப்பைக் குறைக்கும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு நடுக்கம் கூடலாம்.

டாக்டரிடம் முன்கூட்டியே என்னென்ன சொல்ல வேண்டும்?

இதயத் துடிப்புக் கோளாறு, வயிற்றுப் புண், ஆஸ்துமா, வலிப்பு, சிறுநீர் அடைப்பு, கல்லீரல் நோய், இவற்றில் எது இருந்தாலும். அப்புறம் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அட்டெனலால், மெட்டோபிரலால் போன்றவை இதோடு சேர்ந்தால் நாடி இன்னும் குறையும். டோனெபெசில் மாத்திரையும் ரிவாஸ்டிக்மின் பேட்ச்சும் ஒரே வேலையைச் செய்பவை, சேர்த்து எடுக்கக் கூடாது. மெமன்டின் வேறு வகை மறதி மருந்து, அதைச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

சில மருந்துகள் நேர் எதிர் வேலை செய்யும். சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூடினின், நடுக்கத்துக்கான ட்ரைஹெக்ஸிஃபெனிடில், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் மூன்றும் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பவை. ஒரு கையால் ஏற்றி மறு கையால் இறக்குவது போல. சளிக்குத்தானே என்று கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்த மாத்திரையால் அப்பா இரண்டு நாள் நிலைகுலைந்து போனார். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடும் இந்தப் பேட்ச்சோடு வேண்டாம் என்கிறார்கள். அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருந்து டாக்டரிடமும், எம்ஆர்ஐ எடுக்கப் போனால் அங்கே இருப்பவரிடமும் பேட்ச் ஒட்டியிருப்பதைச் சொல்லுங்கள். சில பேட்ச்களின் மேலுறையில் உலோகம் கலந்திருக்கும், ஸ்கேனில் தோலைச் சுட்டுவிடும்.

பயன்படுத்திய பேட்ச்சை எப்படிப் போடுவது?

4.6 பேட்ச்சுக்குள் 9 மில்லிகிராம், 9.5 பேட்ச்சுக்குள் 18 மில்லிகிராம் மருந்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் கழித்து எடுக்கும்போது ஏறக்குறையப் பாதி மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பசைப் பக்கம் உள்ளே போக இரண்டாக மடித்து, பழைய உறைக்குள் போட்டு, குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாமல் குப்பையில் சேருங்கள்.

வாரம் ஒரு முறை ஒட்டும் பேட்ச் வந்துவிட்டதாமே?

ஆமாம். டோனெபெசில் மருந்தை ஏழு நாளுக்கு ஒரே பேட்ச்சாகத் தரும் அட்லாரிட்டிக்கு அமெரிக்காவில் 2022 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. ரிவாஸ்டிக்மின் பேட்ச் தினமும் மாற்ற வேண்டியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தினப் பேட்ச்சை வாரம் முழுக்க விட்டுவிடாதீர்கள்.

எப்போது நிறுத்துவது?

நோய் முற்றிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்தத் தேவையில்லை. அமெரிக்காவில் 2013-இல் முற்றிய நிலை அல்சைமருக்கும் இந்தப் பேட்ச்சை அனுமதித்திருக்கிறார்கள். எடை குறைந்துகொண்டே போனால், நாடி மிகக் குறைந்தால், தோல் தாங்காவிட்டால், அல்லது எந்தப் பலனும் தெரியாவிட்டால் நிறுத்துவது பற்றிப் பேசலாம். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நிறுத்திய பிறகு சில வாரத்தில் குழப்பமும் பிடிவாதமும் சட்டென்று கூடினால், மருந்து ஏதோ தாங்கிப் பிடித்திருந்தது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு இப்போது பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. போன மாதம் நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். தம்பியும் நானும் பேசினோம். இன்னும் மூன்று மாதம் 4.6-இல் வைத்துப் பார்ப்பது, எடையை வாரம் ஒருமுறை எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இன்று காலைக் காலண்டர் தாளில் தம்பியின் கையெழுத்து: "பழையது எடுத்தாச்சு. இடது மேல்."